ரிவ்யூ வேலையில் நோயாளிகளைச் சேர்த்திருக்கிறீர்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

பிசியோதெரபிஸ்ட், திருச்சி

நானே தொடங்குகிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்கான நடைப்பயிற்சி பற்றி ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்தோம். ஒரு கேள்விக்கு எங்கெல்லாம் ஆய்வு நடந்திருக்கிறதோ அத்தனையையும் தேடி எடுத்து, தரம் பார்த்து, சேர்த்து வைத்து விடை சொல்லும் வேலை. குழுவில் நான்கு பேர். எதைப் பார்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை: நடை வேகம், நொடிக்கு எத்தனை மீட்டர்.

எங்கள் மூத்தவர் ஒருவர்தான், சிகிச்சை எடுத்தவர்களைக் கேட்டீர்களா என்றார். இரண்டு நோயாளிகளையும் அவர்களில் ஒருவரின் மனைவியையும் அழைத்தோம். நடை வேகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி மேடம். ராத்திரி என்னை எழுப்பாம இவரே பாத்ரூம் போயிட்டு வருவாரா? அதைச் சொல்லுங்க" என்றார். மூன்று வருடமாக அவர் ஓர் இரவுகூட முழுதாகத் தூங்கியதில்லை.

அந்தக் கேள்வியோடு கட்டுரைகளைத் திரும்பத் திறந்தோம். அன்றாட வேலைகளை ஒருவர் தானாக எவ்வளவு செய்கிறார் என்று மதிப்பெண் போடும் பட்டியலான பார்தெல் இன்டெக்ஸில் கழிப்பறைக்குப் போய்வருவது தனி வரியாகவே இருக்கிறது. குளிப்பது, படியேறுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று மொத்தம் 10 வரிகள். ஆனால் எங்கள் கையில் இருந்த கட்டுரைகளில் அச்சானது 100-க்கு இத்தனை என்ற மொத்த மதிப்பெண் மட்டும். அவர் கேட்டதற்கான விடை அந்தக் கூட்டலுக்குள் புதைந்து கிடந்தது. கட்டுரை எழுதியவர்களுக்கு மெயில் அனுப்பினோம். இரண்டு பேர்தான் வரிவாரியாக எண்களைத் தந்தார்கள். அது போதவில்லை. இந்தக் கேள்விக்கு இன்னும் விடை இல்லை என்றே ரிவ்யூவில் எழுதினோம்.

நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதைத் திட்டமிட்டு, முதலிலிருந்தே செய்தவர்கள் ஸ்காட்லாந்தில் இருக்கிறார்கள். கிளாஸ்கோவின் அலெக்ஸ் பொல்லாக் குழு 2014-ல் வெளியிட்ட கோக்ரேன் (மருத்துவ ரிவ்யூக்களை வெளியிடும் உலகளாவிய அமைப்பு) ரிவ்யூவை பிசியோக்கள் பலர் படித்திருப்பீர்கள்: 96 ஆய்வுகள், 10,401 பேர். முந்தைய பதிப்பில் சிகிச்சைகளை அவற்றின் கொள்கைப் பெயரை வைத்துப் பிரித்திருந்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் கையால் செய்வது இடத்துக்கு இடம் வேறு, இல்லையா? பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், பராமரிப்பவர்கள், பிசியோக்கள் கொண்ட ஒரு குழுவைக் கூட்டிப் பேசிய பிறகு, சிகிச்சையில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துப் பிரித்தார்கள். எந்த ஒரு முறையும் மற்றதைவிட மேல் இல்லை, ஆளுக்குத் தகுந்தபடி கலந்து கொடுக்கலாம் என்று வந்த முடிவு எனக்கு மறுநாள் காலையிலேயே பயன்பட்டது.

முடக்குவாதத்தோடு (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், மூட்டு நோய்) 14 வருடம், கோவை

உங்கள் பதிவைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. எனக்கு வலியைவிடக் கொடுமை சோர்வு. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் சீப்பு எடுக்கக் கை வராது. டாக்டரிடம் சொன்னால் வீக்கத்தைப் பார்ப்பார், ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார், "நல்லா இருக்கே" என்பார். முடக்குவாத ஆய்வுகளில் எதை அளப்பது என்று பேச உலக அளவில் ஓமெராக்ட் என்ற கூட்டம் நடக்கிறது. 2002-ல்தான் அதில் நோயாளிகளை முதன்முதலாக உட்கார வைத்தார்கள். அவர்கள் சொன்னது இதே சோர்வைத்தான். அடுத்த சில வருடங்களில், எல்லா முடக்குவாத ஆய்வுகளிலும் சோர்வையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. அங்கே உட்கார்ந்த யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் எனக்காகப் பேசியவர்கள் அவர்கள்.

கிராம சுகாதார செவிலியர்

என் அனுபவம் நேர்மாறு. கர்ப்பிணிகளுக்கான இரும்புச் சத்து மாத்திரை பற்றி ஒரு ரிவ்யூ. எல்லாம் முடிந்த பிறகு எனக்கு அனுப்பி, இரண்டு நாளில் கருத்து சொல்லுங்கள் என்றார்கள். மாத்திரை கொடுத்ததைத்தான் கணக்கெடுத்திருந்தார்கள், விழுங்கியதை இல்லை. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று எத்தனை பெண்கள் மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள் என்று நான் சொல்லியிருப்பேன். கேள்வி எழுதும்போது கேட்டிருந்தால் அதையும் தேடியிருக்கலாம். கடைசியில் இரண்டு எழுத்துப் பிழைகளைத்தான் திருத்திக் கொடுத்தேன். நன்றி பட்டியலில் என் பெயர் இருக்கிறது, அதைப் பார்க்கவே மனம் வருவதில்லை.

பிசியோதெரபிஸ்ட், திருச்சி

சிஸ்டர், நீங்கள் சொன்னதை எங்கள் அடுத்த ரிவ்யூவின் திட்டத்தை எழுதும் புரோட்டோகால் கூட்டத்தில் அப்படியே படிக்கப் போகிறேன்.

நோயாளிகளை எப்படி வரவழைத்தீர்கள் என்று இன்பாக்ஸில் ஒருவர் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். ஆட்டோ காசு கொடுத்தோம், அன்றைய கூலியும் சேர்த்து. தரைத்தளத்து அறை, பக்கத்திலேயே கழிப்பறை. இதற்கான பணத்தை நிதி கேட்கும்போதே எழுதிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

ரிவ்யூ வெளியானதும் அந்த அம்மாவுக்கு போனில் தமிழில் படித்துக் காட்டினேன். "நான் கேட்டதுக்கு விடை இல்லைன்னு போட்டுட்டீங்களா?" என்றார். போட்டுவிட்டோம் என்றேன். "சரி, அப்ப அடுத்து யாராவது கண்டுபிடிப்பாங்கல்ல" என்றார். எனக்குத் தெரிந்த ஒரு குழு இப்போது புதிய ஆய்வு தொடங்குகிறது. மொத்த மதிப்பெண்ணோடு கழிப்பறை வரியையும் தனியாக வெளியிடச் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.