மறு: ‘செலக்டிவ் கம்ப்ரெஷன்’ – ‘குறுக்கம்’ என்று வைத்தால் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். மாதிரி ரயில் கட்டுபவர்கள் இரண்டு விதமாக அளவைக் குறைக்கிறார்கள். ஒன்று, எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்குவது; எச்ஓ அளவு என்றால் 87-இல் ஒரு பங்கு. மற்றொன்று, அப்படிச் சிறிதாக்கிய பிறகும் அறைக்குள் அடங்காததை, பார்த்தவுடன் இன்ன இடம் என்று தெரியும்படி மேலும் வெட்டிக் குறைப்பது. இந்த இரண்டாவதைத்தான் ஆங்கிலத்தில் ‘செலக்டிவ் கம்ப்ரெஷன்’ என்கிறார்கள்; அதற்குத்தான் தமிழில் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

> விகிதப்படி செய்தால் போதாதா? எதற்கு இன்னொரு குறைப்பு?

கணக்குப் போட்டுப் பாருங்கள், சார். சென்னை கடற்கரை–தாம்பரம் பாதை ஏறக்குறைய 29 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தால் 330 மீட்டருக்கு மேல் வருகிறது. சரி, பாதையை விடுங்கள், ஒரு ரயிலை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் செய்த பழைய அகலப்பாதைப் பெட்டி 21.3 மீட்டர் நீளம்; மாதிரியில் 24.5 சென்டிமீட்டர். 24 பெட்டி கோத்தால் கிட்டத்தட்ட 5.9 மீட்டர், எஞ்சின் தனி. சென்னை அடுக்ககத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை இதற்கென்று வீட்டில் விட்டுக்கொடுத்தாலே பெரிய விஷயம். அதில் இந்த ரயில் நேராக நிற்கக்கூட முடியாது.

வளைவு இன்னும் மோசம். அகலப்பாதையில் நம் ரயில்வே அனுமதிக்கும் மிகக் கூர்மையான வளைவு 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். மாதிரியில் அது 2 மீட்டர். கடையில் வாங்கும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரமோ அரை மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே விகிதத்தை மட்டும் நம்பி யாரும் கட்டுவதில்லை. கட்டவும் முடியாது.

இனி சொல்லுக்கு வருவோம்.

> தேர்வுச் சுருக்கம் என்று நேராக மொழிபெயர்த்துவிடலாமே.

பொருள் சரிதான். ஆனால் படிப்பவர் காதில் அது பத்தாம் வகுப்புக் கையேட்டின் பெயராக விழும். தவிர, ‘சுருக்கம்’ ஏற்கெனவே கதைச் சுருக்கத்துக்கும் சட்டையின் சுருக்கத்துக்கும் உழைக்கிறது. மாதிரிக்காரர்கள் விகிதப்படி சிறிதாக்குவதையும் சுருக்குவது என்றுதான் பேச்சில் சொல்கிறார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரே சொல்லை வைத்தால் கலைச்சொல் எதற்கு?

> தெரிவு அமுக்கம்? கணினிக் கோப்புக்கும் இதையே சொல்கிறோம்.

‘அமுக்கம்’ காற்றுக்குப் பொருந்தும். கோப்புக்கும் ஒருவாறு பொருந்தும், ஏனென்றால் அமுக்கியதை மறுபடி விரிக்கலாம். மாம்பலம் ரயில் நிலைய நடைமேடையை மூன்றில் ஒரு பங்காக்கிய பிறகு அதிலிருந்து பழைய நீளத்தை யாராலும் விரித்தெடுக்க முடியாது.

என் பரிந்துரை ‘குறுக்கம்’. போன மடலில் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

பள்ளியில் ஐகாரக்குறுக்கம் படித்திருப்போம். ஐ என்ற எழுத்துக்கு இரண்டு மாத்திரை. ‘வையம்’ என்பதில் சொல்லின் முதலில் வரும்போது ஒன்றரை. ‘சமையல்’ என்பதில் இடையிலும் ‘பறவை’ என்பதில் கடைசியிலும் வரும்போது ஒன்று. ஒலிக்கும் நேரம்தான் குறைகிறது, எழுத்து ஐயாகவே இருக்கிறது. கேட்பவர் அதை இன்னொரு எழுத்து என்று நினைப்பதில்லை. நமக்கு வேண்டிய பொருளும் இதுதானே? நீளம் குறைய வேண்டும், மாம்பலம் மாம்பலமாகவே இருக்க வேண்டும்.

இதைவிட என்னைக் கவர்ந்தது, எவ்வளவு குறையும் என்பதை இடம் தீர்மானிப்பது. முதலில் வந்தால் கொஞ்சம், இடையிலும் கடையிலும் வந்தால் கூடுதல். மாதிரி அமைப்பிலும் அப்படித்தான் செய்கிறார்கள். கண்ணுக்கு எதிரே, மேசையின் முன் விளிம்பில் வரும் நிலையத்தை அதிகம் வெட்டமாட்டார்கள். அடுத்த நிலையம் வரையுள்ள தொலைவை இரக்கமில்லாமல் வெட்டுவார்கள். பின்சுவரை ஒட்டிய கட்டடங்களுக்கு முகப்பு மட்டும்தான், ஆழம் இரண்டு விரல்கூட இருக்காது.

மாம்பலத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் கட்டிக்கொண்டிருப்பது அதுதான். மீட்டர் கேஜ் மின்ரயில் காலத்து மாம்பலம். 1931-இல் தொடங்கிய அந்த ஓட்டம் 2004-இல் நின்றது. அதில் போய்வந்தவர்களிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால், நடைமேடையின் நீளத்தை ஒருவரும் சொல்வதில்லை. மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்து, ரங்கநாதன் தெருப் பக்கம் இறங்கும் படிக்கட்டு, அதில் இறங்கும் கூட்டம், இவைதான் வருகின்றன. ஆகவே நடைமேடை மூன்று பெட்டி நீளத்துக்குக் குறைந்துவிட்டது. படிக்கட்டில் ஒரு படியைக்கூட நான் குறைக்கவில்லை. எச்ஓ அளவில் ஓர் ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம். நாற்பது பொம்மைகளை நடைமேடை முழுக்கப் பரப்பி நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரி இருக்கிறது. அதே நாற்பதைப் படிக்கட்டின் அடியில் தோளோடு தோள் நெருக்கி ஒட்டினால் சாயங்காலம் ஆறு மணி ஆகிவிடுகிறது. கூட்டத்தையும் குறுக்கத்தான் வேண்டியிருக்கிறது, ஆனால் நெருக்கத்தைக் குறைக்காமல்.

பாதை முடியும் இடத்தில் கோடம்பாக்கம் மேம்பாலம். ரயில் அதன் அடியில் நுழைந்து மறைகிறது. மறுபக்கம் சுவர்தான் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. மாம்பலத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே நிஜத்தில் இருக்கும் தொலைவு அந்தப் பாலத்தின் நிழலிலேயே தீர்ந்துபோகிறது. இதற்கு ‘தொலைவுக்குறுக்கம்’ என்று பெயர் வைத்தால் யாருக்கும் விளக்க வேண்டியிராது.

கூட்டுச்சொல் தானாக அமைவது இதில் இன்னொரு வசதி. ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் என்ற வார்ப்பு ஏற்கெனவே காதுக்குப் பழக்கம். நீளக்குறுக்கம், வளைவுக்குறுக்கம், எண்ணிக்கைக்குறுக்கம் என்று வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். வினையாகவும் நிற்கும்: “ஒன்பது பெட்டியை மூன்றாகக் குறுக்கினேன்.” ‘தேர்வுச் சுருக்கம் செய்தேன்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது.

> இலக்கணச் சொல்லைப் பிடுங்கி ரயிலுக்குக் கொடுத்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

அணி இலக்கணம் படிக்கிற பிள்ளைதான் கிரிக்கெட் அணியையும் பார்க்கிறது. குழம்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெரம்பூர் பணிமனையில் இருந்து ஓய்வு பெற்ற நம் ஐயா எழுப்பிய ஆட்சேபம்தான் கனமானது. ரயிலில் ‘குறுக்கு’ என்றால் ஒரு பாதை மற்றொன்றை வெட்டிக்கொண்டு போவது என்று ஆள் நினைக்கும் என்றார். நியாயம். ‘குறுக்குப்பாதை’, ‘குறுக்கே’ என்றெல்லாம் அதே விளக்கத்தில் வந்தால் இடறத்தான் செய்யும். அதற்காகப் பெயர்ச்சொல்லை எப்போதும் ‘குறுக்கம்’ என்றே எழுதுவோம், ‘குறுக்கு’ என்று தனியாக நிறுத்த வேண்டாம். பாதை பாதையை வெட்டும் இடத்துக்கு ‘வெட்டுமுனை’ என்றோ வேறு ஏதாவதோ ஐயாவே ஒரு சொல் தரட்டும். லைனில் வேலை பார்த்தவர் வாயில் வருவதுதான் நிலைக்கும்.

விகிதப்படி சிறிதாக்குவதற்கு ‘அளவிறக்கம்’ என்று தங்கை ஒருவர் முன்மொழிந்திருந்தார். அது நன்றாகவே இருக்கிறது. அப்புறம் எதற்கு அதையும் நீட்டி விவாதிக்க வேண்டும்? அளவிறக்கம் முதலில், குறுக்கம் அதன் மேல்.

மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் இப்படிச் சேர்த்துவிடுகிறேன்:

குறுக்கம் – மாதிரி ரயில் அமைப்பில், அளவிறக்கம் செய்த பின்னும் இடத்துக்குள் அடங்காத நீளம், தொலைவு, வளைவு, எண்ணிக்கை ஆகியவற்றை, அந்த இடத்தின் அடையாளம் கெடாதபடி மேலும் குறைத்தல். வினை: குறுக்கு.

‘அடையாளம் கெடாதபடி’ என்பதை மட்டும் யாராவது இன்னும் கூர்மையாக எழுதிக் கொடுத்தால் நல்லது. ரயில்களைப் பார்வையில் படாமல் நிறுத்திவைக்கும் ‘ஃபிடில் யார்டு’ பற்றிக் கேட்டவர் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.