நங்கநல்லூர் வீடு குழு: சிவப்பு ரோபோ யாருடையது?

கல்பனா: பரணைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் இது இருந்தது. யாருடையது?

கல்பனா: (படம்)

கல்பனா: சிவப்பு, ஆங்காங்கே கறுப்பு. மடித்தால் குட்டி கேசட் ஆகிவிடுகிறது. நாளை டெம்போ வருகிறது, இப்போதே சொல்லுங்கள்.

செந்தில்: என்னுடையது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை, பெயர் ரம்பிள்.

பாலா: அது ரம்பிள் இல்லை, ஃப்ரென்ஸி. என்னுடையது.

செந்தில்: டேய், அட்டையிலேயே ரம்பிள் என்று அச்சடித்திருந்தது. சிவப்புதான் ரம்பிள். நான் படித்துப் படித்து மனப்பாடம்.

பாலா: எதிர் வீட்டு வீடியோ டெக்கில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் கேசட் போட்டார்கள். அதில் சிவப்புதான் ஃப்ரென்ஸி. உனக்கு அப்போது டியூஷன், நீ பார்க்கவே இல்லை.

செந்தில்: டியூஷன் போனதால்தான் இன்றைக்கு வேலையில் இருக்கிறேன்.

பாலா: ஆரம்பித்துவிட்டாயா

சரோஜா அத்தை: இன்று பிரதோஷம். 4.30க்கு மேல் 6க்குள் கோயிலுக்குப் போய் வாருங்கள். கல்பனா பித்தளை அண்டா எங்கே

கல்பனா: அண்டா பத்திரமாக இருக்கிறது அத்தை. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

சரோஜா அத்தை: பிறகு பிறகு என்றால் எப்போது. அது எங்கம்மா சீர்

நவீன்: யாரும் அதைத் துடைக்காதீர்கள்!! அம்மா, தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம். கை கால் மூட்டுகளைத் திருப்பாதீர்கள், பழைய பிளாஸ்டிக், உடைந்துவிடும். பின்பக்கம் எழுத்து இருக்கிறதா பாருங்கள்.

கல்பனா: தகாரா, ஜப்பான் என்று பொடி எழுத்தில் இருக்கிறது.

நவீன்: அப்படியென்றால் நல்ல சரக்கு. பெரிய மாமா, சின்ன மாமா, இருவரும் ஒரு நிமிடம் பொறுங்கள், நீங்கள் சொல்வது இரண்டுமே சரி. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 1984இல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி ஆரம்பித்தது, ஆனால் பொம்மைகள் புதிதாகச் செய்தவை இல்லை, ஜப்பானில் தகாரா கம்பெனி ஏற்கெனவே டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்று இரண்டு வரிசைகளில் விற்றுக்கொண்டிருந்தவை. ஆப்டிமஸ் பிரைம் லாரி டயாக்ளோனில் இருந்து வந்தது. மைக்ரோ சேஞ்ச் என்றால் வீட்டில் இருக்கும் பொருளே ரோபோவாக மாறும், துப்பாக்கி மெகட்ரான், டேப் ரெக்கார்டர் சவுண்ட்வேவ், அதன் நெஞ்சுக்குள் போகும் கேசட்தான் இது. பெயரும் குணமும் பிறகு அமெரிக்காவில் வைத்தார்கள், பெரும்பாலும் மார்வெல் காமிக்ஸில் இருந்த பாப் புடியான்ஸ்கி எழுதியவை. இப்போது முக்கியமான விஷயம்: கடையில் விற்ற அட்டையில் சிவப்பு ரம்பிள், நீலம் ஃப்ரென்ஸி. கார்ட்டூனில் அப்படியே தலைகீழ், நீலம் ரம்பிள், சிவப்பு ஃப்ரென்ஸி. உலகம் முழுக்க ரசிகர்கள் இன்னும் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள்.

பாலா: அதான் சொன்னேனே

செந்தில்: நானும் அதைத்தான் சொன்னேன்

நவீன்: இன்னும் முடிக்கவில்லை. உங்களுக்குள் பெயரில் சண்டையே இல்லை. பெரிய மாமாவிடம் இருந்தது ரம்பிள், சின்ன மாமாவிடம் இருந்தது ஃப்ரென்ஸி, இதை இருவருமே ஒத்துக்கொள்கிறீர்கள். ஆனால் ஒருவர் அட்டையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார், ஒருவர் கார்ட்டூனைப் பார்த்து. அதனால் பெயரை வைத்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

கல்பனா: தலை சுற்றுகிறது. சாப்பிட்டாயா நீ?

நவீன்: சாப்பிட்டேன் அம்மா

செந்தில்: ரம்பிள் பூகம்பம் வரவைப்பான். அதற்காகத்தான் நான் கட்டிலை ஆட்டுவேன், பாட்டியின் வெற்றிலைப் பெட்டி உருண்டு விழும். யாருக்காவது நினைவிருக்கிறதா?

சரோஜா அத்தை: சுண்ணாம்பு தரையெல்லாம் கொட்டியது. துடைத்தது நான்

நவீன்: அட்டையிலும் ரம்பிளுக்குப் பூகம்பம்தான். ஃப்ரென்ஸிக்குச் சத்தம், காது கிழிகிற மாதிரி கத்தி எதிரியைத் தடுமாறவைப்பான்.

கல்பனா: அது பாலாதான். சந்தேகமே இல்லை.

பாலா: 🙏

செந்தில்: போட்டோ ஒன்று இருக்கிறது. இருவரும் ரோபோவைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நிற்போம். ஆல்பத்தில் பார்.

கல்பனா: (படம்)

கல்பனா: கறுப்பு வெள்ளை.

பாலா: அண்ணன் கையில் இருப்பது அடர்த்தியாகத் தெரிகிறது. நீலம் அதுதான்.

செந்தில்: சிவப்பும் கறுப்பு வெள்ளையில் அடர்த்தியாகத்தான் தெரியும்.

நவீன்: இரண்டும் ஒரே அச்சு மாமா. இதில் கண்டுபிடிக்க முடியாது. வேறு வழி இருக்கிறது. இந்தக் கேசட்டுகள் இரண்டிரண்டாகத்தான் விற்றன. ரம்பிளோடு ரேவேஜ், கறுப்புச் சிறுத்தை. ஃப்ரென்ஸியோடு லேசர்பீக், பறவை. சிறுத்தை யாரிடம் இருந்தது?

சரோஜா அத்தை: கறுப்புப் பூனை ஒன்று இருந்தது. காலில் குத்தியது எனக்கு

பாலா: பூனை அண்ணனிடம்தான் இருந்தது. பறவை என்னிடம்.

செந்தில்: 👆 முடிந்தது. சிறுத்தையோடு வந்தது சிவப்பு. சிவப்பு எனக்கு.

பாலா: ஒரு நிமிடம் இரு

ராமு சித்தப்பா: இப்போதுதான் பார்த்தேன். சிங்கப்பூரில் இருந்து நான் வாங்கி வந்தது. சிதம்பரம் கப்பலில் வந்தேன், நாகப்பட்டினத்தில் இறங்கினேனா மெட்ராஸிலா, நினைவில்லை.

சரோஜா அத்தை: கப்பல் இல்லை ராமு. சிதம்பரம் கப்பல் 85 பிப்ரவரியிலேயே தீப்பிடித்து நின்றுபோனது. நீ வந்தது அந்த வருடம் தீபாவளிக்கு, மூர் மார்க்கெட் எரிந்த பிறகு. குழந்தைகளுக்குப் பொம்மை வாங்க இனி எங்கே போவது என்று அண்ணா புலம்பிக்கொண்டிருந்தார், நீ மீனம்பாக்கத்தில் இறங்கி பையோடு வந்தாய்

ராமு சித்தப்பா: ஆமாம் ஆமாம். விமானம்தான். கஸ்டம்ஸில் புதுப் பொருள் என்றால் தீர்வை போடுவார்கள் என்று எல்லாவற்றையும் அட்டையில் இருந்து பிரித்து ஒரே சாக்ஸுக்குள் போட்டுவிட்டேன். அட்டைகளைத் தட்டையாகப் புடவைக்கு நடுவில் வைத்தேன்.

நவீன்: சின்னத் தாத்தா!!! அப்படியென்றால் ஜோடி கலைந்துவிட்டது

பாலா: 😀😀😀

ராமு சித்தப்பா: ஆளுக்கு ஒரு மனிதன், ஒரு மிருகம் என்று கையில் வந்ததைக் கொடுத்தேன். இவர்கள் அழுதார்கள், மாற்றிக் கொடுத்தேன். மறுபடி அழுதார்கள்.

செந்தில்: யார் அழுதது

ராமு சித்தப்பா: இருவரும்

கல்பனா: அந்தத் தடவை எனக்கு என்ன வந்தது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? ரிப்பன். எனக்கும் அந்தச் சிறுத்தை வேண்டும் என்று கேட்டேன், பெண் பிள்ளைக்கு எதற்கு என்றார்கள்.

கல்பனா: இவர்கள் வெளியே போன நேரமெல்லாம் அந்த ரோபோவை மடித்துக் கேசட்டாக்கி அப்பாவின் டேப் ரெக்கார்டரில் போடப் பார்ப்பேன். பாதி அளவுகூட இல்லை, உள்ளே விழுந்துவிடும். அப்பா ஸ்பூனால் நெம்பி எடுத்துக் கொடுப்பார், திட்டவே மாட்டார்.

பாலா: இது எனக்குத் தெரியாது கல்பனாக்கா

ராமு சித்தப்பா: அப்போதே சொல்லியிருந்தால் உனக்கும் ஒன்று வாங்கி வந்திருப்பேனே அம்மா

நவீன்: அது மைக்ரோ கேசட் அளவு அம்மா, சாதாரண டேப்பில் உட்காராது. சவுண்ட்வேவ் நெஞ்சுக்கு மட்டும்தான். பட்டனை அழுத்தினால் கதவு திறக்கும்.

செந்தில்: சித்தப்பா சவுண்ட்வேவை ஏன் வாங்கவில்லை

ராமு சித்தப்பா: விலை அப்பா. கேசட் வாங்கவே யோசித்தேன்

நவீன்: அம்மா, முதுகில் பொருத்தும் துப்பாக்கி இரண்டு இருக்க வேண்டும். பெட்டியின் மூலையெல்லாம் பாருங்கள். அட்டையும் சிவப்புக் கண்ணாடித்தாளும் கிடைத்தால் விடாதீர்கள். அட்டையில் பலம், வேகம், அறிவு என்று ஒரு கட்டம் இருக்கும், வெறும் கண்ணால் படிக்க முடியாது, அந்தத் தாளை மேலே வைத்தால்தான் தெரியும். அட்டை இருந்தால் அதில்

கல்பனா: அட்டை இல்லை. நாப்தலீன் உருண்டை, எல்ஐசி ரசீது, உங்கள் எல்லோருடைய மார்க் ஷீட். பாலாவின் கணக்கு மார்க்கைப் படம் எடுத்துப் போடவா?

பாலா: வேண்டாம்

செந்தில்: போடு போடு

சரோஜா அத்தை: அண்டா

கல்பனா: அத்தை, அண்டா உங்களுக்குத்தான். அண்ணா, சரிதானே?

செந்தில்: அதை நேரில் பேசிக்கொள்ளலாம். ரோபோ இப்போதைக்கு நவீனிடம் இருக்கட்டும்.

பாலா: இப்போதைக்கு என்றால்? நான் பொங்கலுக்கு வருவேன், அப்போது எடுத்துக்கொள்கிறேன்.

செந்தில்: எடுத்துக்கொள்கிறேன் என்று யார் முடிவு செய்தது

நவீன்: நான் வெயில் படாமல் வைத்திருக்கிறேன் மாமா. நீலத்தையும் தேடுங்கள், அது கிடைத்தால் பிரச்சினையே இல்லை.

பாலா: நீலம் உன் மாமா வீட்டு ஷோகேஸில் இருக்கலாம். மேடவாக்கம் போகும்போது எட்டிப் பார்.

செந்தில்: என் வீட்டில் எதுவும் இல்லை

செந்தில்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாலா: என்ன நீக்கினாய்??

நவீன்: பெரிய மாமா, படம் ஒன்று போட்டு எடுத்துவிட்டீர்கள். நீலமாக ஏதோ தெரிந்தது.

செந்தில்: நாளை டெம்போ எத்தனை மணிக்குக் கல்பனா

கல்பனா: ஏழு மணிக்கு. திங்கள்கிழமை பில்டரிடம் சாவி கொடுக்க வேண்டும். யாராவது ஒருவர் ஆறரைக்கே வந்து பீரோவைப் பிடியுங்கள்.

பாலா: அண்ணா, பதில் சொல்