மெய்நிகர் உலகில் தானாகத் தேடிக் கற்பது கல்வி ஆகுமா?

விண்ணோடி

பள்ளியில், கோள்களின் இயக்கம் பற்றிய கெப்ளரின் மூன்று விதிகளையும் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். அவை என்ன சொல்கின்றன என்பது, ராக்கெட் கட்டி விண்வெளிக்கு ஏவும் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்ற கணினி விளையாட்டை ஆட ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. யாரும் பாடம் எடுக்கவில்லை. எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்று யாரும் வகுத்துக் கொடுக்கவும் இல்லை.

ஒரே சுற்றுப்பாதையில் எனக்கு முன்னால் ஒரு கலம் போகிறது, அதை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று வையுங்கள். யாராக இருந்தாலும் அதை நோக்கித் திரும்பி எஞ்சினை முடுக்குவார்கள். முடுக்கினால் பாதை விரிகிறது, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடுகிறது, முன்னால் போனது இன்னும் தள்ளிப் போய்விடுகிறது. பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்! குறைத்தால் கலம் கீழே இறங்கி, சின்ன வட்டத்தைச் சீக்கிரம் சுற்றி, முன்னால் போனதை நெருங்கிவிடும்.

1965 ஜூனில் நாசாவின் ஜெமினி 4 கலத்தில் விண்வெளி வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட்டுக்கும் இதுதான் நடந்தது. கழன்று போன டைட்டன் ராக்கெட்டின் மேலடுக்கை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்தினார். நெருங்க முடியவில்லை. எரிபொருள் கரைந்ததால் முயற்சியைக் கைவிட்டார்கள். தேர்ந்த விமானியின் உள்ளுணர்வே அங்கே பொய்த்தது. தரையில் நடந்து பழகிய உள்ளுணர்வு சொற்பொழிவுக்கு அசையாது, கையால் செய்து தோற்றால்தான் அசையும். அப்படித் தோற்பதற்குச் செலவில்லாத இடம் மெய்நிகர் உலகம். தானாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கரும்பலகை

கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், விண்ணோடி. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜெமினி 6ஏ கலம் ஜெமினி 7-ஐ ஓரடி தூரம் வரை நெருங்கியது. கணக்குப் போட்டு, எந்த நேரத்தில் எவ்வளவு உந்துவது என்று முன்பே வகுத்து, அதற்கென்று பயிற்சி எடுத்துப் போனார்கள். பின்னாளில் நிலவில் நடந்த பஸ் ஆல்ட்ரின் 1963-லேயே எம்ஐடியில் விண்கலச் சந்திப்பைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்து முடித்திருந்தார். தோல்வி ஒரு கேள்வியை எழுப்பியது என்றால் ஒப்புக்கொள்கிறேன். விடை கணக்கிலிருந்து வந்தது.

நான் இயற்பியல் ஆசிரியர். இந்த விளையாட்டை ஆடும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். "பின்னோக்கி உந்தினால் முந்தலாம் சார்" என்று சரியாகச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் ஆகும்." இதை நான் அறிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கற்றல் ஆய்வாளர்களான கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-ல் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தில் தவிர்க்க முடியாதது. புதிதாகக் கற்பவரின் செயல்நினைவு, அதாவது ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய அளவு, மிகச் சிறியது. வழி தெரியாமல் தேடுவதிலேயே அது நிரம்பிவிட்டால், தேடிக் கிடைத்தது நீண்டகால நினைவில் போய்ச் சேர இடமே இருக்காது. ஓரளவு தேறியவருக்குத் தேடல் பயன்படும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு வழிகாட்டல் வேண்டும். இதுதான் அவர்கள் வாதம். என் வகுப்பறை அனுபவமும் அதையே சொல்கிறது.

செங்கல்

நான் மைன்கிராஃப்ட் ஆள். கட்டைகளை அடுக்கிக் கட்டும் அந்த விளையாட்டில், மின்சாரம் போலச் சிக்னல் கடத்தும் ரெட்ஸ்டோன் தூளை வைத்துச் சுற்றுகள் கட்டுபவன். தூளைக் கோடாகப் போட்டால் சிக்னல் 15 கட்டம் வரைதான் போகும், அதற்கு மேல் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும். ரெட்ஸ்டோன் டார்ச் ஒட்டியிருக்கும் கட்டைக்குச் சிக்னல் வந்தால் டார்ச் அணையும். சிக்னல் நின்றால் எரியும். அவ்வளவுதான் மூலதனம்.

எனக்கு ஒரு மறைகதவு தேவைப்பட்டது. ஒரு பொத்தானைத் தொட்டால் திறந்தே நிற்க வேண்டும், இன்னொன்றைத் தொட்டால் மூடிக்கொள்ள வேண்டும். பொத்தானிலிருந்து கையை எடுத்ததும் சிக்னல் போய்விடும், அப்புறம் கதவு எப்படித் திறந்தே நிற்கும்? கடைசியில், ஒன்று எரிந்தால் மற்றது அணையும்படி இரண்டு டார்ச்சைக் குறுக்கே இணைத்தேன். கடைசியாக எந்தப் பொத்தானைத் தொட்டேன் என்பதை அது நினைவில் வைத்துக்கொண்டது. ஒரு பிட் நினைவகம்! மின்னணுவியலில் இதற்கு லாட்ச் என்று பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. பாடப்புத்தகத்தின் உண்மை அட்டவணையிலிருந்து தொடங்கியிருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். கரும்பலகை ஐயா, தேடல் சுமை என்கிறீர்களே, தேவை என்னுடையதாக இருந்ததால் அது சுமையாகவே தெரியவில்லை.

கரும்பலகை

செங்கல், கதவு அருமை. சிக்னல் 15 கட்டம் போகும் என்பதை எங்கே தெரிந்துகொண்டீர்கள்?

செங்கல்

விக்கியில். கொஞ்சம் யூடியூப்.

கரும்பலகை

அப்படியானால் உங்களுக்கு ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். நன்றாக வரிசைப்படுத்தி எழுதிய பாடமும் இருந்திருக்கிறது. பிறகு எதைத் தானாகக் கற்றல் என்கிறோம்?

நிலா வாசகி

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான லோகோ நிரல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், தேடிக் கற்பதற்கென்றே அமைத்த சின்ன உலகமான 'நுண்ணுலகம்' பற்றி 1980-லேயே எழுதினார். லோகோவில் கட்டளை கொடுத்து ஆமையை நகர்த்தும் குழந்தை தானாக வடிவியலைக் கண்டுபிடிப்பது போலத் தோன்றும். ஆனால், இவ்வளவு தூரம் போ, இவ்வளவு கோணம் திரும்பு என்பவை மட்டுமே அந்த ஆமைக்குத் தெரியும்படி அமைத்தவர் ஒருவர் இருக்கிறார். ஆசிரியர் எங்கும் போய்விடவில்லை, உலகத்தின் விதிகளுக்குள் இருக்கிறார். கெர்பலும் அப்படித்தான். வேகத்தைக் குறைத்ததும் பாதை சுருங்குவதை வரைபடத்தில் கோடாகக் காட்ட வேண்டும் என்று யாரோ யோசித்துச் செய்ததால்தான் விண்ணோடிக்கு அது புரிந்தது.

விண்ணோடி

நிலா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கரும்பலகை ஐயா கேட்டதற்கு என் பதில்: ஆசிரியரே இல்லாமல் கற்றேன் என்பதல்ல என் வாதம். எப்போது ஆசிரியரைத் தேடிப் போவது, எதைக் கேட்பது என்பதை நானே முடிவு செய்தேன். 'தானாக' என்றால் எனக்கு அதுதான்.

"ஏன்" என்று தெரியாது என்றீர்களே, சொல்கிறேன். பின்னோக்கி உந்தினால் ஆற்றல் குறைகிறது, பாதையின் அரை நெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீளமான அச்சில் பாதி, சுருங்குகிறது. சுற்றுக்காலத்தின் இருபடி அரை நெட்டச்சின் முப்படிக்கு நேர்விகிதம். ஆகவே சுற்றும் நேரம் குறைகிறது. கெப்ளரின் மூன்றாம் விதி. எரிபொருள் தீர்ந்து கலம் அநாதையாக மிதந்தபோது, இதைப் படித்தே ஆக வேண்டும் என்ற வேகம் வந்தது. தேர்வு ஒருநாளும் அந்த வேகத்தைத் தரவில்லை.

கரும்பலகை

விளக்கம் முழுச் சரி, மகிழ்ச்சி. ஆனால் என் பெரிய தடை இனிமேல்தான். உங்கள் உலகம் சில இடங்களில் பொய் சொல்கிறது, உள்ளே இருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. விளையாட்டில் பூமிக்குப் பதிலாக இருக்கும் கெர்பின் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர், பூமியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தரையில் ஈர்ப்பு பூமியைப் போலவே. தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு அங்கே விநாடிக்கு ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் வேகம் போதும், பூமிக்கு 7.8 வேண்டும். ராக்கெட் ஏவுவது எவ்வளவு கடினம் என்பதே அங்கே தப்பாகப் பதிகிறது.

இன்னொன்று இதைவிட மோசம். அந்த விளையாட்டில் ஒரு கலத்தை ஒரு நேரத்தில் ஒரே ஒரு வான்பொருள்தான் ஈர்க்கும். எனவே, இரண்டு பெரிய வான்பொருள்களின் ஈர்ப்பு சேர்ந்து ஒரு சிறு கலத்தை அவற்றோடு ஒப்பிட்டு ஒரே இடத்தில் இருக்கச் செய்யும் லக்ராஞ்சு புள்ளிகளே கிடையாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி அப்படியொரு புள்ளியைச் சுற்றித்தான் வருகிறது. எத்தனை காலம் திரிந்தாலும் இல்லாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

விண்ணோடி

வெப் பற்றிய செய்தியைப் படித்ததும் விளையாட்டில் அதே இடத்தில் ஒரு கலத்தை நிறுத்திப் பார்த்தேன். நிற்காமல் நழுவிப் போனது. ஏன் என்று தேடியதில்தான், ஒன்றையொன்று ஈர்க்கும் மூன்று பொருள்கள் எப்படி நகரும் என்ற மூவுடல் சிக்கலுக்கே வந்து சேர்ந்தேன். பல பொருள்களின் ஈர்ப்பையும் கணக்கில் எடுக்கும் 'பிரின்சிபியா' என்ற மோட் (ஆடுபவர்களே எழுதிச் சேர்க்கும் மாற்றம்) ஒன்றும் இருக்கிறது. பொய் சொல்லும் உலகத்தை நிஜத்தோடு உரசிப் பார்க்க முடிகிறது, அந்த உரசலில் கற்றதுதான் எனக்கு அதிகம்.

கரும்பலகை

உரசிப் பார்க்க உங்களுக்குத் தோன்றியது. விளையாட்டில் நிலவில் கலத்தை இறக்கிவிட்டு, எல்லாம் தெரியும் என்று நிறுத்திக்கொள்ளும் பிள்ளையை நினைத்துத்தான் எனக்குக் கவலை. எதைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது, அந்த உலகமும் சொல்லாது. கற்றல் ஆய்வாளர் மனு கபூர் 2008 முதல் 'பலனளிக்கும் தோல்வி' பற்றி ஆய்வு செய்து வருகிறார். முதலில் திணறவிட்டு, அப்புறம் பாடம் எடுத்தால் புரிதல் ஆழமாகிறது என்பது அவர் கண்டது. அந்த வரிசையை நான் மனமார ஏற்கிறேன். அதில் இரண்டாவது பாதி கட்டாயம்.

விண்ணோடி

பாடம் கட்டாயம் என்பதில் சண்டையில்லை ஐயா. அது எப்போது என்று நீங்கள் மணி அடித்துச் சொல்வதில்தான் சண்டை. நிறுத்திக்கொண்ட பிள்ளையைச் சொன்னீர்களே, அவனிடம் முன்னால் போகும் கலத்தைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏன் பிடிக்க முடியவில்லை என்று அவனே வந்து கேட்கும்வரை காத்திருங்கள்.

கரும்பலகை

பாடத்திட்டம் முடிக்க வேண்டிய நாள் எனக்குக் காத்திருக்காதே. அவன் வராமலே போனால்?