ரூப்குண்ட் நாட்டுப்பாடல்: கட்வாலி தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. உத்தராகண்டில் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரூப்குண்ட் ஏரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பனி உருகினால் கரையெல்லாம் மனித எலும்புகள். 1942-ல் வனக்காவலர் ஒருவர் கண்டு சொன்னபிறகே இது வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஊர்க்கதை வேறு: கன்னோசி அரசன் ஜஸ்தவல், கர்ப்பிணி ராணியையும் ஆட்டக்காரிகளையும் கூட்டிக்கொண்டு நந்தாதேவி யாத்திரை போனானாம். புனித மலையில் கூத்தும் கும்மாளமுமா என்று தேவி கோபித்து, இரும்புக் குண்டு போல ஆலங்கட்டி பொழிந்து எல்லோரையும் கொன்றாளாம். சில மண்டையோடுகளில் மேலிருந்து உருண்டையான எதுவோ தாக்கிய காயம் இருப்பதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆனால் 2019-ல் வெளியான மரபணு ஆய்வு, 38 பேரில் 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதி வம்சம், இறந்தது சுமார் 1800-ல் என்கிறது. அவர்கள் அங்கே எதற்கு வந்தார்கள்? இன்னும் புதிர்தான்.

எனக்கு வேண்டியது இந்த ஊர்க்கதையைச் சொல்லும் ஜாகர் பாடல், அதாவது தெய்வத்தை அழைத்துப் பாடும் சடங்குப் பாட்டு. அந்தப் பக்கத்து மொழிகளான கட்வாலியோ குமாவுனியோ தெரிந்தவர்கள், வாண் கிராமம் வழியாக நந்தாதேவிக்கான ராஜ் ஜாத் யாத்திரை போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஜஸ்தவல் கதை வரும் ஒலிப்பதிவு இருந்தால் பகிருங்கள். வரிக்கு வரி பொருள் சொன்னால் பேருதவி. அந்நியர்களைப் பற்றி அதில் ஒரு வரியாவது வருகிறதா என்று முக்கியமாகப் பாருங்கள்.