ஊதிப் பார்த்துச் சிக்கினால் வேலையை விட்டு நீக்குவதா?

கேள்வி: சம்பளம் தள்ளிப்போகும் காலத்தில் ஊழியர்களிடம் குடி கூடுகிறது. நம்ம செட்டிநாட்டுச் சின்ன ஆஸ்பத்திரிகளில் டூட்டிக்கு முன் குடித்ததைக் காட்டும் மெஷினில் ஊதச் சொல்லி, சிக்கியவரை அன்றே நீக்கலாமா?

கோட்டையூர் நர்ஸ்: நீக்கத்தான் வேண்டும். பிராந்தி குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கழிக்கும். ராத்திரி பத்துக்கு ஆஃப், அதாவது இரண்டு குவார்ட்டர் அளவு, அடித்தவருக்குக் காலை ஏழு மணி டூட்டியில் ஏறக்குறையப் பாதி உடம்பிலேயே இருக்கும். குளித்தாலும் காபி குடித்தாலும் குறையாது. அந்தக் கை 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும்.

செஞ்சை மருந்தகம்: கணக்கு சரிதான் அக்கா. வேலை போகும் என்றால் யார் ஒத்துக்கொள்வார்? தினமும் குடிப்பவர் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவார். ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் சித்தம் கலங்கலாம். நடுக்கத்தை அடக்க யாருக்கும் தெரியாமல் எடுத்து, வார்டு அலமாரியில் டயஸிபாம் மாத்திரை குறையும். கூட வேலை பார்ப்பவர்கள் இரக்கப்பட்டுப் பின்னறையில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாமல் அதை ஏற்றினால் மூளை பாதிக்கலாம்: கண் ஆடும், நடை தள்ளாடும். அதையும் போதை என்றே நினைத்துவிடுவார்கள்!

தேவகோட்டை லேப்: மெஷினையும் அப்படியே நம்பாதீர்கள். சானிடைசர் காயுமுன் ஊதினால் எண் ஏறும். கை கழுவி, வாய் கொப்பளித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதவைத்துத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும்.

கோட்டையூர் நர்ஸ்: இரண்டு முறை ஊதட்டும். ஆனால் சிக்கியவர் மருந்து கொடுக்கப் போகக் கூடாது, அதில் இறங்கி வரமாட்டேன். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டிஸல்ஃபிராம் மாத்திரை கொடுத்து டூட்டிக்கு அனுப்பினால் என்ன?

செஞ்சை மருந்தகம்: வார்டு ஆளுக்கு அது சிக்கல். நாள் முழுக்க ஸ்பிரிட்டும் சானிடைசரும் தொடும் கை. முகம் சிவந்து நெஞ்சு படபடக்கலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரம் ஆகாமல் தொடங்கவே கூடாது. வீட்டில் தெரியாமல் ரசத்தில் கலப்பது உயிருக்கே ஆபத்து. குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம் உண்டு. ஈரல் பரிசோதனை பார்த்து மனநல மருத்துவர் எழுத வேண்டும், டிரமடால் வலி மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆகாது. ஊசி வேலையிலிருந்து எடுங்கள், சம்மதம். ரெக்கார்டு அறையில் போடுங்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். தண்டல் கட்டுகிறவரை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த ஊர் வார்டில் போய் ஊசி போடுவார், அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது.

கோட்டையூர் நர்ஸ்: முதல் முறைக்கு ஒப்புக்கொள்கிறேன் தம்பி. சிகிச்சைக்குப் போகாமல் மறுபடி சிக்கினால் நீக்கம்தான். அரசின் மனநல உதவி போன் டெலி மனஸ் எண் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள். டூட்டி அறையில் ஒட்டிவையுங்கள்.