"தம்பி, பட்டனைக் காணோம்!" – பொது டிசைன் சிஸ்டத்தில் பட்ட அனுபவங்கள்

அம்மாப்பேட்டைக்காரன்:

சேலத்துக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவர்கள் நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு தீம், அதாவது தளத்தின் தோற்ற வார்ப்பு, வைத்திருந்தோம். ஒருநாள் ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே கணக்கெடுத்தால், சாம்பல் நிறம் மட்டும் 17 வகை தேறியது. சிரிப்பு அடங்கியதும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினோம். நிறம், எழுத்தளவு, இடைவெளி, பட்டன், கார்டு (விவரம் காட்டும் பெட்டி) எல்லாம் இனி பொது. இதைத்தான் டிசைன் சிஸ்டம் என்கிறோம். 2021-ல் தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 5.8 பதிப்புடன், நிறம், எழுத்தளவையெல்லாம் ஒரே கோப்பில் குறிக்கும் தீம்.ஜேசன் வந்திருந்தது கைகொடுத்தது.

ஆடித் திருவிழா வந்தது. கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் நடக்க இடமில்லை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்கடைக்காரர் போன் போட்டார்: "தம்பி, வாட்ஸ்அப் பட்டனைக் காணோம். காலையில இருந்து ஒரு ஆர்டர்கூட வரலீங்க."

முந்தின நாள் இரவு முதன்மை நிறத்தின் டோக்கனை (எல்லாத் தீமும் அந்த நிறத்தை அழைக்கும் பெயர்) இன்னும் அழகாக மாற்றியது நான்தான். அவர் தீமோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் இப்படி ஒரு பெயர் (வேரியபிள்) கிடைக்காவிட்டால் கூப்பாடு எதுவும் கேட்காது. பின்னணி நிறம் சத்தமில்லாமல் போய்விடும். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து. பட்டன் அங்கேயேதான் இருந்தது, தொட்டால் வேலையும் செய்தது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

இப்போது பெயர் மாறினாலும் பழைய பெயர் புதியதைச் சுட்டிக்கொண்டு கிடக்கும். அதை எடுத்தே ஆக வேண்டுமென்றால் வெர்ஷனின் முதல் எண் ஏறும், 1.9 போய் 2.0. அந்த எண் ஏறினால் எந்தத் தளமும் தானாக அப்டேட் ஆகக் கூடாது. மாற்றக் குறிப்பில் "சிறு திருத்தங்கள்" என்று ஒற்றை வரி எழுதுகிறவர் அந்த வார டீச்செலவைப் பார்த்துக்கொள்வார். நான் மூன்று முறை கொடுத்திருக்கிறேன்.

ஏற்காட்டுக்காரன்:

இவர் சொல்லும் சிஸ்டத்தில்தான் நான் ஹோம்ஸ்டேக்காரர்களுக்குத் தளம் செய்கிறேன். மலையில் எல்லோருக்கும் முகப்பில் ஒரே படம்தான் வேண்டும், மூடுபனி. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதே அதற்குத்தானே! அந்தப் பனியின்மேல் வெள்ளை எழுத்தில் விடுதியின் பெயர். லேப்டாப்பில் ஏதோ தெரிந்தது. வெயிலில் நின்று போனில் பார்த்தால் விடுதியே பனிக்குள் போய்விட்டது. எல்லோராலும் தளத்தைப் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி விதிப்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும். என்னுடையது 2:1-ஐக்கூடத் தொடவில்லை.

படத்தை மாற்றலாமா என்றதும் ஓனர் முகம் வாடிவிட்டது. படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு கருந்திரை கேட்டு இஷ்யூ (கோரிக்கைக் குறிப்பு) போட்டேன். "உங்க ஒருத்தருக்குத்தானே வேணும், ரெண்டாவது ஆள் கேட்கட்டும்" என்று மூன்று வாரம் கிடப்பில் போட்டார்கள். கோபம் வந்தது, மறைக்கவில்லை. பிறகு ஒரு ஜவ்வரிசி ஆலைத் தளத்தில், வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காயும் களத்தின் படத்தில் அதே தொல்லை. மறுநாளே சிஸ்டத்தில் மெர்ஜ் ஆனது, அதாவது சேர்ந்துவிட்டது! பனி சொல்லிக் கேட்காதவர்கள் ஜவ்வரிசி சொல்லிக் கேட்டார்கள்.

ஓமலூர்ப் பெண்:

அந்த "ரெண்டாவது ஆள்" விதியில் நானும் அடிபட்டவள். கல்லூரியில் இருக்கும்போது ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, படங்கள் ஒவ்வொன்றாக நகரும் ஒரு ஸ்லைடர் செய்து அனுப்பினேன். வேண்டாம் என்றார்கள். புதிதாக ஒன்று வந்தால் அது பயனுள்ளதா, ஏற்கெனவே இருப்பதிலிருந்து வேறானதா என்று பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டமும் கேட்கும் என்று விளக்கம் வேறு. அழுகைதான் வந்தது.

அப்புறம் அம்மாப்பேட்டை அண்ணாவே கூப்பிட்டார். "நம்ம மாதிரிப் பக்கமெல்லாம் இங்கிலீஷ்லயே கிடக்கும்மா. தமிழ் போட்டுப் பார்க்கறியா?"

போட்டதும் எல்லாம் ஆட்டம் கண்டது. 'புக்' இருந்த இடத்தில் 'முன்பதிவு செய்யுங்கள்' வந்ததும் பட்டன் இரண்டு வரியாக மடிந்து கார்டை விட்டு வெளியே தொங்கியது. தலைப்பின் லைன் ஹைட், அதாவது வரி உயரம், எழுத்தளவைப்போல் 1.1 மடங்கு. மேல்வரி 'ளூ'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொண்டன. ஆங்கிலப் பெரிய எழுத்துக்காக வைத்த எழுத்திடைவெளி, தமிழ்த் தலைப்பைப் பல் விழுந்த வாய் மாதிரி ஆக்கிவிட்டது. இப்போது தமிழுக்கு அந்த இடைவெளி பூஜ்யம், லைன் ஹைட் தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.7. பட்டனுக்கு அகலம் குறிப்பதையே நிறுத்திவிட்டோம். எழுத்தைச் சுற்றிலும் பேடிங் எனும் வெற்றிடம் மட்டும் உண்டு. எந்த காம்பொனென்ட் (பட்டன், கார்டு போன்ற உறுப்பு) வந்தாலும் என் சோதனை வாக்கியத்தைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்: "வெள்ளிக் கொலுசுகள் தற்போது தீர்ந்துவிட்டன, ஆர்டர் கொடுத்துக் காத்திருங்கள்."

ஸ்லைடர் இன்னும் லேப்டாப்பில்தான் இருக்கிறது. போன வாரம் ஆத்தூரிலிருந்து ஒருவர் கேட்டார். என்னைச் சேர்க்காமல் எண்ணினால் இவர் முதல் ஆள்தான் என்கிறார் அண்ணா.