தீபாவளிக்கு முந்தைய இரவு: கடைக்காரர்களே, உங்களுக்கு இன்னும் மறக்காத ஒன்றைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் சொல்வது சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு நடந்தது. எங்களுடையது சிறுவர் துணிக்கடை, கும்பகோணம் பக்கம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோம். ஒருவர் குனிந்து உள்ளே வந்தார், சட்டையில் சிமென்ட் தூசு. கூலி அன்று இரவுதான் கைக்கு வந்ததாம். கூடவே ஒன்பது வயது மகள், தூக்கக் கண்ணோடு. 30 சைஸ் பிராக் கேட்டார்.

என்னிடம் 20, 22 இருந்தன. தேடியதில் ஒரே ஒரு 26 கிடைத்தது. கொல்கத்தா பிராக் செட்டாகத்தான் வரும், 20 முதல் 30 வரை அளவுக்கு ஒன்று. பெரிய அளவுகள் முந்தின வாரமே தீர்ந்துவிட்டன. அலமாரி நிறைந்திருந்ததால் நான் கவனிக்கவே இல்லை.

அந்தப் பெண் கண்ணாடி முன் நின்று 26ஐ மேலே வைத்துப் பார்த்தாள். முழங்காலுக்கு எட்டவில்லை. இரண்டு கையாலும் கீழ்விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "போதும் அப்பா, சரியாகத்தான் இருக்கிறது" என்றாள். அவளுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பில் போட்டுக் காசை வாங்கினேன்.

விளக்குத்தூண்:
காவிரிக்கரை சார், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் கூடுதலாகச் சரக்கு வாங்கிக் குவித்துவிடக் கூடாது. எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். 2021இல், கொரோனா முடிந்து கூட்டம் அலைமோதும் என்று நம்பி, வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு வாங்கினேன். கடைசி வாரம் மழை. தை பிறந்தும் பாதிச் சரக்கு பரண் மேல் கிடந்தது. சூரத் வியாபாரிக்குக் கொடுத்த காசோலைக்கு நாள் நெருங்கியபோது, என் மனைவி குழாயடியில் நின்று சோப்பு நுரை போட்டு வளையலைக் கழற்றினாள். அந்தச் சோப்பு வாசனை வந்தாலே எனக்கு மனம் கனத்துவிடும்.

ஆகவே சொல்கிறேன். அலமாரி நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதால் பயனில்லை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு, ஒன்று விற்றால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கணினியில் இருப்பு தெரியும் என்பார்கள். கூட்ட நேரத்தில் யாரும் கணினியைப் பார்ப்பதில்லை, அட்டை கண்ணில் படும். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, அதாவது ஊரில் போனஸ் பணம் புழங்கத் தொடங்கும் முன், அளவு வாரியாக எண்ணிவிடுங்கள். அப்போதுதான் குறைவதை நிரப்ப அவகாசம் இருக்கும். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தைக்கு ஒரு நடை போனால் லுங்கி, நைட்டி, துண்டு வகைகளைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளலாம், முதலும் முடங்காது. முழுப் பணத்தையும் ஆவணியிலேயே கொட்டிவிடாமல் மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்திருங்கள். சில்லறை நோட்டை ஒரு வாரம் முன்பே வங்கியில் சொல்லி வாங்கிவிடுங்கள். க்யூஆர் அட்டை இரண்டு வங்கிக் கணக்கில் இருக்கட்டும், ஒன்று முடங்கினால் இன்னொன்று கைகொடுக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கினால் மட்டும் போதாது, ஒருமுறை ஓட்டியும் பாருங்கள்.

முக்கியமான ஒன்று: கடை வாசலில் ஒரு தையல்காரரை உட்கார வையுங்கள். அந்தக் குழந்தையின் பிராக்குக்கு அடியில் ஒரு சுற்று ஃப்ரில் வைத்துத் தைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

தறிநூல்:
நான் கடைக்குச் சொந்தக்காரி இல்லை. பட்டுச்சேலைப் பிரிவில் பதினோரு ஆண்டு நின்றவள். தீபாவளி மாதத்தில் காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை வேலை. விற்பனையாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததும் எங்கள் பிரிவுக்கும் இரண்டு ஸ்டூல் போட்டார்கள். ஐப்பசி பிறந்தால் அவற்றின் மேல் சேலைப் பெட்டிகள் ஏறிவிடும்.

ஒரு பாட்டி வந்தார், பேத்திக்குத் தலை தீபாவளி. நாற்பது சேலை பிரித்துக் காட்டியிருப்பேன். திடீரென்று என் காலைப் பார்த்தார். கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. எதுவும் சொல்லாமல் எழுந்து, ஸ்டூல் மேலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். "உட்கார்ந்து காட்டு தாயே, எனக்கு அவசரம் இல்லை" என்றார். உட்கார்ந்தேன். மேற்பார்வையாளர் தூரத்தில் வருவது தெரிந்ததும் தானாக எழுந்துவிட்டேன். அந்தப் பாட்டியின் முகம் வாடியது. அவர் முன்னால் அப்படி எழுந்திருக்கக் கூடாது என்று இன்றும் தோன்றுகிறது.

பண்டிகைக்கு ஆயத்தம் என்று சரக்கையும் சில்லறையையும் டீசலையும் பேசுகிறீர்கள். நிற்கிற கால்களைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

கோட்டைத்தெரு:
சகோதரி சொல்வது நியாயம்தான். ஆனால் பத்தடி அகலக் கடையில் கூட்ட நாளில் ஸ்டூல் எங்கே போடுவது? வாடிக்கையாளர் நிற்கவே இடமில்லை. சின்னக் கடைக்காரரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தறிநூல்:
சேலைப் பெட்டிக்கு இடம் கிடைத்ததல்லவா? மணிக்குப் பத்து நிமிடம், ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தால் ஒரே ஸ்டூல் நான்கு பேருக்குப் போதும்.

பில்மேசை:
என்னுடையது 2025இல் நடந்தது. தீபாவளி அக்டோபர் 20. அதற்கு நான்கு வாரம் முன்பு, செப்டம்பர் 22இல், ஜிஎஸ்டி மாறியது. 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம். அதுவரை 1,000 ரூபாயைத் தாண்டினால் 12. நான் வேலை பார்த்த கடையில் கணினியில் வரி விகிதத்தை மட்டும் மாற்றினார்கள். சரக்கெல்லாம் முன்பே விலை ஒட்டி அடுக்கியாயிற்று. ஆயிரக்கணக்கான சீட்டுகள். மாற்ற ஆள் இல்லை என்றார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 1,800 ரூபாய்ச் சுடிதாரை நீட்டினார். பில்லை வாங்கிப் பார்த்தவர், சட்டைப் பையிலிருந்து நாளிதழ்த் துண்டையும் பேனாவையும் எடுத்தார். பில்லின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். 12 சதவீத வரியோடு 1,800 என்றால் துணியின் விலை 1,607. அதற்கு 5 சதவீதம் சேர்த்தால் 1,687 ரூபாய் 50 காசு. "மீதி 112 ரூபாய் 50 காசு யாருக்குப் போகிறது தம்பி?" என்று மெதுவாகத்தான் கேட்டார். பின்னால் இருபது பேர் வரிசையில். "சீட்டில் இருப்பதுதான் விலை ஐயா" என்றேன். கணக்குச் சரி என்று எனக்குத் தெரிந்தே சொன்னேன். அவர் சுடிதாரை மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முதலாளியிடம் அன்று இரவே சொன்னேன். மறுநாளிலிருந்து பில்லிலேயே கழித்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள், அதற்குக் கணினியில் அரை மணி நேர வேலைகூட இல்லை. அந்த ஆசிரியர் திரும்பி வரவில்லை.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. விளக்குத்தூண் சார், அட்டை முறையை நான் 2024இலேயே தொடங்கிவிட்டேன். தையல்காரர் யோசனை எனக்குத் தோன்றவில்லை, இந்த ஆண்டு ஆள் பேசிவிடுகிறேன். பெரிய அளவை மட்டும் தனியாகத் தரச் சொல்லி வியாபாரியிடம் கேட்டேன், செட்டை உடைக்க மாட்டேன் என்கிறார். அதனால் ஓடுகிற டிசைனில் மட்டும் இரண்டு செட் எடுத்து, மிஞ்சும் சின்ன அளவுகளை ஆடித் தள்ளுபடிக்கு ஒதுக்குகிறேன். நட்டம் கொஞ்சம் உண்டு, பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டு தீபாவளியாக முந்தைய இரவில் பன்னிரண்டு மணி வரை ஷட்டரை முழுதாகத் திறந்தே வைத்திருக்கிறேன். அவர்கள் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது 34 வேண்டியிருக்கும்.